நாம் சாப்பிடப் போகாத கடை

ஊரில் ஒரு பழைய சாப்பாட்டுக் கடை மூடினால் இப்போதெல்லாம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இறக்கிவிட்ட ஷட்டரை யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள். பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற நம் பிள்ளைகள் ‘அடடா’ என்பார்கள். சென்னையில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டவர்கள் அந்தக் கடையின் தக்காளிச் சட்னியைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். கடைக்கு நாலு தெரு தள்ளி இங்கேயே இருக்கிற நாமும் சேர்ந்துகொண்டு பெருமூச்சு விடுவோம். ‘அந்த இட்லி இனிமே எங்க கிடைக்கப் போவுது’ என்போம். கடைசியாக அங்கே எப்போது சாப்பிட்டோம் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் எல்லோருக்கும் சங்கடம். கேட்கிறவனுக்கும்தான்.

கள்ளக்குறிச்சியில் இப்படி மூடிய கடைகளில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகைகூட இருந்ததில்லை. ஆயா கடை, கூரைக் கடை, ரைஸ்மில் எதிர்க் கடை என்று அடையாளம் சொல்லித்தான் போவோம். முதலாளியின் பெயர் தெரியாமலே இருபது வருடம் சாப்பிட்டவர்கள் நம்மில் உண்டு. அதனால் அவை மூடியபோது பத்திரிகையில் எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று.

சென்னையில் அப்படி இல்லை. கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பிடியில் இருந்த நிலத்தில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 2008 ஏப்ரலில் மூடியபோது நகரமே அதைப் பற்றிப் பேசியது. மரத்தடியில் காரை நிறுத்தி, கதவில் மாட்டிய தட்டில் தோசை தின்ற ஒரு தலைமுறை கடைசி நாட்களில் திரும்பவும் வந்து கூடியது. நிலத்துக்காக நடந்த நீண்ட இழுபறியின் முடிவில் மூடிய கடை அது. அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. அந்தக் கடைக்கு ஒரு வழக்கு இருந்தது, மூடிய தேதி இருந்தது, கோபித்துக்கொள்ள எதிரில் யாரோ இருந்தார்கள். நம் ஊர்க் கடைகளை எந்த நீதிமன்றமும் காலி செய்யச் சொல்லவில்லை. எந்தப் பூங்காவும் வரவில்லை. நாம் போவதை நிறுத்தினோம், அவர்கள் மூடினார்கள். இடையில் சில வருடங்கள் அவர்கள் நமக்காகக் காத்திருந்தார்கள் என்பதுதான் இதில் மனதை அறுக்கிற சங்கதி.

இந்தக் கடைகளில் விடிகாலை நாலு மணிக்கே அடுப்பு எரியும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் லாரி, டிராக்டர்காரர்கள் முதலில் வருவார்கள். பிறகு அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மக்காச்சோளம் கொண்டுவந்து, விலை படியும் வரை மூட்டை மேலேயே படுத்துக் கிடந்த விவசாயிகள். மரச்சிற்பப் பட்டறைக்குப் போகிற ஆசாரிகள். (2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நமக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த ஆசாரிகள் காலையில் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று யோசித்ததில்லை.) எட்டு மணிக்கு மேல் ஆபீஸ்காரர்கள், வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருக்கும் மலைச் சனங்கள், புளியும் கடுக்காயும் விற்ற காசை இடுப்பில் முடிந்துகொண்டு ஓரமாக வந்து உட்காருவார்கள்.

பெஞ்சு ஆடும். சுவரில் போன வருடத்துக் காலண்டரில் முருகன் இருப்பார். கிழித்த வாழையிலைத் துண்டைத் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் நாலு இட்லி வந்து விழும். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிற பையன் கேட்காமலே ஊற்றிவிட்டுப் போவான். மத்தியானம் அளவுச் சாப்பாடு. ஆனால் அளவு என்ன என்பதைக் கரண்டி பிடித்திருக்கிற அம்மாதான் தீர்மானிப்பார். வெயில் காலத்தில் கேவுருக் கூழும் மோர்மிளகாயும் உண்டு. ‘என்னாப்பா, ரெண்டோட எழுந்துட்ட, உடம்பு கிடம்பு சரியில்லையா?’ என்று கேட்பதற்கு அங்கே ஆள் இருந்தது. பில்லில் சேராத சாமான் அது.

கல்லாப்பெட்டிக்குள் ஒரு நோட்டும் இருந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் அதில்தான் சோறு. வீட்டிலிருந்து பணம் வருகிற வரைக்கும் கடை நம்மைச் சுமந்தது. மாற்றலாகிப் போனவர்கள், வேலை கிடைத்துப் போனவர்கள், கல்யாணம் ஆகி வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறியவர்கள் என்று எத்தனையோ பேருடைய கணக்கு அந்த நோட்டில் கோடு போட்டு அடிக்கப்படாமலே கிடந்திருக்கும். ‘குடுக்கலாம், குடுக்கலாம்’ என்று இருந்துவிட்டு, பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்த ஆசாமிகளை நமக்குத் தெரியும். சில சமயம் கண்ணாடியிலேயே தெரியும்.

நாம் விலகியது ஒரே நாளில் நடக்கவில்லை. சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே நெடுஞ்சாலை அகலமாகி, ஊருக்கு வெளியே பைபாஸ் வந்தபோது நாம்தான் அதிகம் சந்தோஷப்பட்டோம். நெரிசல் குறைந்தது, சேலம் சீக்கிரம் வந்தது. முன்பு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிற வண்டிகள் ஊருக்குள் வந்து மூச்சு வாங்கும். ‘பத்து நிமிசம் நிக்கும், சாப்பிடறவங்க சாப்பிட்டுக்கலாம்’ என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பாதிக் கடைகள் பிழைத்தன. பிறகு வண்டிகள் பைபாஸிலேயே ஆளை இறக்கிவிட்டுப் பறந்தன. சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் நின்றன. அங்கே நாலு பூரிக்கு அவர்கள் சொன்ன விலையைக் கொடுத்து, ஆறிப்போன கிழங்கைத் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வண்டியேறியதும் நாம்தான். அந்த விலைக்கு அங்கே ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. உள்ளூர்க் கடையில் இட்லிக்கு ஒரு ரூபாய் ஏற்றினால் மட்டும் ‘என்னாங்க, தங்கமா விக்கிறீங்க’ என்று கேட்கத் தெரிந்தது.

அந்த ஒரு ரூபாயைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் 2021 கடைசியில் 2,000 ரூபாயைத் தாண்டியது. உளுந்து விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது. பெரிய ஓட்டல்கள் மெனு அட்டையை மாற்றி அச்சடித்து ஏற்றிக்கொண்டன. சின்னக் கடைக்காரரால் முடியவில்லை. காரணம், வாடிக்கைக்காரர் முகம் பார்த்து விலை சொல்லும் தொழில் அது. நம் முகம் சுளிக்கும் என்று பயந்து, விலையை ஏற்றாமல் இட்லியைச் சிறிதாக்கினார். சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டினார். உடனே நாம் ‘முன்ன மாதிரி இல்லப்பா, கை மாறிடுச்சு’ என்றோம். கை மாறவில்லை. நம் ஒரு ரூபாய்க் கணக்குதான் அந்தத் தட்டில் வந்து உட்கார்ந்தது.

கையில் காசு வந்ததும் நமக்குக் கூச்சமும் வந்தது. ஆடுகிற பெஞ்சில், லுங்கி கட்டிய ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்வது என்னவோ போல் இருந்தது. குடும்பத்தோடு போகிற மாதிரி இல்லை, ஏசி இல்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்றோம். பெண்கள் வந்து நிம்மதியாக உட்கார அந்தக் கடைகளில் இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு தட்டி கட்டித் தாருங்கள், பத்துப் பேர் குடும்பத்தோடு வருகிறோம் என்று நாம் யாரும் போய்ச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பார்கள். செய்ய மாட்டார்கள் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு புதுக் கடைக்குப் போனோம். பிறகு பார்சல் வந்தது. வீட்டுக்கே வரவழைத்துத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தின்கிற பழக்கம் வந்தது. பார்சல் வாங்குகிறவனிடம் ‘உடம்பு சரியில்லையா’ என்று யாரும் கேட்க முடியாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுக்கச் சின்னக் கடைகள் படுத்தன, இங்கேயும் படுத்தன. அதை மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நமக்கு வசதி. கொரோனாவால் மூடினார்கள் என்றால் யாருக்கும் பொறுப்பு இல்லை. ஊரடங்கு முடிந்த பிறகு எத்தனையோ பேர் கடன் வாங்கித் திரும்பத் திறந்தார்கள் என்பதையும், திறந்தவர்கள் நம்மை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். நாம் அதற்குள் வேறு பழக்கத்துக்குப் போயிருந்தோம்.

இன்னொன்றும் நடந்தது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. பட்டாசு வெடித்தோம். இனி எதற்கெடுத்தாலும் விழுப்புரம் ஓட வேண்டாம் என்ற நிம்மதி நியாயமானதுதான். அதிகாரிகள் வருவார்கள், ஆபீஸ்கள் வரும் என்றதும், கடைத்தெருவில் இடம் வைத்திருந்த நம்மவர்கள் வாடகையை ஏற்றினார்கள். அட்வான்ஸை லட்சத்தில் கேட்டார்கள். செல்போன் கடைக்காரரால் அது முடியும், இட்லிக் கடைக்காரரால் முடியாது. ஏற்றியவர் யாரோ அந்நியர் இல்லை. நம் மாமா, நம் பக்கத்து வீட்டுக்காரர், நம்மோடு அதே கடையில் டீ குடித்தவர். இடம் இருந்தவர் ஏற்றினார், இடம் இல்லாத நாம் ‘அதெல்லாம் அவங்க விசயம்’ என்று ஒதுங்கினோம்.

இதுவரை சொன்னது ஊருக்குள் நடந்தது. இதைவிடப் பெரிய மறதி மலைப் பக்கம் இருக்கிறது.

கல்வராயன் மலை நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலை. கோமுகி அணைக்கு அந்தப் பக்கம் ஏறத் தொடங்கினால் வெள்ளிமலை, கரியாலூர் என்று விரிந்து சேலம் மாவட்டத்துக் கருமந்துறை வரை போகிறது. மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள் அவை. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, தமிழ் பேசுகிற மலைவாசிகள். ஜாகீர்தார்கள் ஆண்ட அந்த மலை 1976-இல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. அந்தச் சரிவுகளில் மழையை மட்டும் நம்பிச் சாமை விளைந்தது. ஆடியை ஒட்டி விதைத்தால் மூன்று, மூன்றரை மாதத்தில் கதிர். பாசனம் கேட்காது, உரம் கேட்காது, கல்லு மண்ணிலும் வரும். தினையும் கேழ்வரகும் கூடவே இருந்தன. சாமைச் சோறும் கீரைக் கடைசலும் அந்த வீடுகளில் அன்றாடச் சாப்பாடு.

நம் கடைகளில் அந்தச் சாமை ஒரு நாளும் வேகவில்லை. மலைச் சனங்கள் நம் பெஞ்சில் வந்து உட்கார்ந்து நம் அரிசி இட்லியைத் தின்றார்கள். அவர்கள் சோற்றை நாம் கேட்டதில்லை. ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள் வைத்திருக்கிற நமக்கு வெள்ளைச் சோறுதான் மரியாதை. சாமை, களி என்றால் இல்லாதவன் சாப்பாடு. நாம் அப்படி முகம் சுளித்ததை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மலைப்பிள்ளைகள் நம் ஊர் விடுதிகளில் தங்கிப் படித்தபோது எதைத் தின்றால் கேலி செய்வார்கள், எதைத் தின்றால் செய்ய மாட்டார்கள் என்று கற்றுக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ரேஷன் அரிசி மலிவானது, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமலே வந்தது. பசி தீர்த்த திட்டம் அது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாமையை உரலில் போட்டு உமி போக இடித்துப் புடைப்பது மணிக்கணக்கில் பெண்களின் தோள் வலி. அந்த வலியிலிருந்து தப்பியவர்களைப் பார்த்து ‘பாரம்பரியத்தை விட்டுட்டீங்களே’ என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? ஆனால் வாங்க ஆள் இருந்திருந்தால் கொஞ்சமாவது விதைத்திருப்பார்கள். நாம் வாங்கியது மரவள்ளியிலிருந்து வரும் ஜவ்வரிசியை. எனவே சரிவுகளில் மரவள்ளி ஏறியது. காடு கைகொடுக்காத வீடுகளிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். நம் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு, கைக்குழந்தையோடு அவர்கள் உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை தாண்டிப் போயிருப்போம்.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. இந்தியாதான் கேட்டு வாங்கியது. சென்னையில் சாமைப் பொங்கல் பெரிய தட்டில் சின்னதாக வந்தது. நாமும் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு ‘நல்லா இருக்கே’ என்றோம். அதே நாம், ஞாயிற்றுக்கிழமை மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் போகும்போது கீழேயிருந்தே பிரியாணிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு ஏறுகிறோம். விருந்துக்குப் போகிற வீட்டுக்கே கட்டுச்சோறு கொண்டு போகிற மாதிரி. தின்றுவிட்டு, பொட்டலத்தையும் பாட்டிலையும் பாறை இடுக்கில் செருகிவிட்டு இறங்குகிறோம். மேலே ஒரு வீட்டில் காசு கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம் என்பது நமக்குத் தோன்றியதே இல்லை.

ஏக்கப்படும்போது இன்னொன்றையும் மறைக்கிறோம். அந்தப் பழைய பெஞ்சை எல்லோரும் சமமாக உட்கார்ந்த பெஞ்சு போல நினைவில் வைத்துக்கொள்கிறோம். அது அப்படி எப்போதும் இருந்ததில்லை. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற எழுத்தை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். தலைநகரத்திலேயே அப்படி. நம் வடமாவட்டத்துக் கிராமங்களில் டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. சேரிக்காரருக்குக் கொட்டாங்குச்சி, பிறகு தனி கிளாஸ், பிறகு ‘எல்லாருக்கும் பேப்பர் கப்’ என்ற சாமர்த்தியம். மலையிலிருந்து வந்தவர் ஏன் எப்போதும் ஓரமாகவே உட்கார்ந்தார் என்று மேலே எழுதும்போது எனக்கும் உறைக்கவில்லை. இங்கே வந்தபிறகுதான் உறைக்கிறது. இடம் இல்லாமல் அல்ல. ருசியை நினைவில் வைத்திருக்கிற நாம், யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்த கிளாஸில் குடித்தார்கள் என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டோம். கடை திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டால் அந்த ஓரம் இல்லாமல் திரும்ப வேண்டும்.

2024 ஜூனில் நம் ஊர்க் கருணாபுரத்தில் நடந்ததையும் சொல்லாமல் நகர முடியவில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரின் பெயரை உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். ஊருக்கு வெளியே எங்கோ நடந்ததில்லை, நட்டநடுவில், நாம் தினமும் கடந்து போகிற இடத்தில். கடைகள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது பேத்தல். ஆனால் மூட்டை தூக்குகிற ஒரு மனிதர் காலையில் என்ன குடிக்கிறார், சாப்பிட்டாரா என்பதைக் கவனிக்கிற கண் ஊரில் எங்கே மிச்சம் இருக்கிறது என்ற கேள்வி அந்த வாரம் முழுக்க மனதில் ஓடியது. அவரோடு ஒரே பெஞ்சில் உட்காருவதை நாம் நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலையைப் பற்றி விசாரித்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று வரிசையாகச் செய்தி வந்தது. படித்துவிட்டு நாம் ‘அப்படியா!’ என்றோம். மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலையைப் பற்றி நாமே பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

எல்லாம் போய்விட்டது என்று எழுதி முடித்தால் அதுவும் ஒரு சோம்பேறித்தனம்தான். போகவில்லை. விடிகாலையில் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். தள்ளுவண்டியில் கூழ் விற்கும் ஆயா இருக்கிறார். வீட்டுத் திண்ணையில் இட்லிக் கொப்பரை வைத்திருக்கிற அக்கா இருக்கிறார். புருசனும் பொண்டாட்டியுமாக அடுப்பையும் கல்லாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் கடைகள் இன்னும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் என்ஜினியரிங் படிக்கிறார்கள், இந்த வேலைக்கு வர மாட்டார்கள். வரவேண்டும் என்று நாம் கேட்கவும் முடியாது. நம் பிள்ளையை அனுப்புவோமா? ஆனால் இந்தத் தலைமுறை கௌரவமாகத் தொழில் செய்துவிட்டுப் போகவும், செய்ய விரும்புகிற வேறு யாராவது வந்து எடுத்து நடத்தவும் நாம் உதவலாம். இத்தனைக்கும் பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம். ஒரு ரூபாய் ஏற்றினால் வாயை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு வேளை, பார்சல் இல்லாமல், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நோட்டில் பாக்கி இருந்தால், கடை மூடியிருந்தாலும் வீட்டைத் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். வாங்க மாட்டேன் என்பார்கள், திணித்துவிட்டு வரலாம்.

சாமை விசயத்திலும் வழி இருக்கிறது. பக்கத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைப் பெண்களின் குழுக்களோடு சேர்ந்து, உமி நீக்கும் சின்ன இயந்திரங்களை ஊருக்குள் வைத்து, சாமையையும் தினையையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உரலிலிருந்து தோள் தப்பியது, தானியமும் தப்பியது. கல்வராயனிலும் விதை இன்னும் வீடுகளில் இருக்கிறது. கேட்கிற ஆள்தான் கீழே வேண்டும். கேட்பது என்றால் கண்காட்சியில் அரைக் கிலோ வாங்கி அலமாரியில் வைத்து வண்டு பிடிக்க விடுவதல்ல. நம் ஊர்க் கடைக்காரர் மாதாமாதம் மூட்டைக் கணக்கில் வாங்கும் அளவுக்கு நாம் தின்ன வேண்டும்.

வரும் தை, மாசியில் நம் வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வரிசையாக வரத்தான் போகிறது. காலை டிபனுக்கு வெளியூர் கேட்டரிங்காரர்களைக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஒரு வேளையை, ஒரு ஐம்பது பேருக்கு மட்டும், தெருவில் இருக்கிற கடைக்காரரிடம் சாமைப் பொங்கலாகச் சொல்லிப் பார்க்கலாம். முதல் தடவை தண்ணீர் அளவு தவறிக் குழைந்து போகலாம், போனால் போகட்டும். மலையிலிருந்து சரக்கு இறங்க நாள் ஆகும். அதனால் பதினைந்து நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அட்வான்ஸும் கையோடு கொடுத்துவிட வேண்டும்.